நாற்பதாவது வாசகர்

நாற்பதாவது வாசகருக்குப் பல்வலியாம்.

"முகம் வீங்கிப் போச்சு மேடம். தாடையை எதுலயும் வைக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

ஆராய்ச்சிக்காரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு பத்து. ஐந்து மணிக்கு வண்டி வந்து இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு போய்விடும்.

அந்த இயந்திரத்தின் வேலை, படிக்கிறவர்களின் கண்ணைக் கவனிப்பது. ஒருவர் தாடையை ஒரு தாங்கியில் வைத்துக்கொண்டு, எதிரே திரையில் வரும் கதையைப் படிக்க வேண்டும். கண் எந்த வார்த்தையில் நின்றது, எதைத் தாண்டிப் போனது, எங்கே புரியாமல் திரும்பி வந்தது என்று எல்லாவற்றையும் கேமரா பதிந்துகொள்ளும். படித்து முடித்ததும் அவள் பத்துக் கேள்விகள் கேட்பாள். கண் எப்படி ஓடினால் கதை எவ்வளவு புரிகிறது என்பதுதான் அவளுடைய மூன்று வருட ஆராய்ச்சி. கதையை எழுதியதும் அவள்தான், கேள்விகளை எழுதியதும் அவள்தான். இரண்டிலும் அவளுக்கு லேசான கர்வம் உண்டு.

முப்பத்தொன்பது பேர் படித்தாகிவிட்டது. அவள் பேராசிரியருக்குப் போன் செய்தாள்.

"முப்பத்தொன்பது போதாதா சார்?"

"நாப்பதுன்னு எழுதிக் குடுத்துட்டு முப்பத்தொன்பதோட போய் நின்னா கமிட்டி சும்மா விடுமா? நாளைக்குக் காலையில பத்து மணிக்கு எல்லாம் என் மேஜையில இருக்கணும். மிஷின் போச்சுன்னா திரும்பி வர ரெண்டு வருஷமாகும்மா. அதுக்குள்ள நானே ரிட்டயர் ஆயிடுவேன்."

விடுமுறைக் காலம். கட்டிடத்தில் ஈ காக்கா இல்லை. அவள் இரண்டு மாடி ஏறி இறங்கிப் பார்த்தாள், எல்லா அறையும் பூட்டியிருந்தது. கடைசியில் எல்லா மனைவிகளும் செய்வதையே அவளும் செய்தாள்.

கணவர் இரண்டு தெரு தள்ளி ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் இருந்தார். தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு வந்து, தாடையைத் தாங்கியில் வைத்து, சமர்த்தாகப் படித்து முடித்தார். ஆராய்ச்சிக்காரி கேள்வித்தாளை எடுத்தாள்.

"மழையில நனைஞ்சு வந்த தபால்காரர் என்ன கேட்டார்? துண்டா, ஐஸ்..."

"துண்டு."

"கடையில தீப்பிடிச்சதும் முதலாளி..."

"தண்ணி கொண்டு வரச் சொன்னார்."

"நான் இன்னும் கேட்டே முடிக்கலை."

"மூணு வருஷமா சாப்பிடும்போதெல்லாம் இந்தத் தபால்காரர் கதைதானே? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

திரையைப் பார்த்தாள். அவருடைய கண் கதையின் பக்கமே போகவில்லை. மூலையில் இருந்த பக்க எண்ணையே பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறார். எல்லாவற்றையும் அழித்தாள்.

அவருக்கு மனசு கேட்கவில்லை. "இந்தத் தாங்கி லேசா ஆடுது பாரு. முறுக்கி விட்டுட்டுப் போறேன்" என்று கை வைத்தார். திருகாணி கையோடு வந்தது. தாங்கி ஒரு பக்கமாகத் தொங்கியது.

"நீங்க கிளம்புங்க."

"இல்ல, இதை மட்டும்..."

"கிளம்புங்கன்னா கிளம்புங்க."

தாங்கியை அட்டைப் பெட்டி ஒட்டும் டேப்பால் நாலு சுற்று சுற்றி நிறுத்தினாள். மூச்சு விட்டாலே ஆடும் நிலையில் அது நின்றது. மணி மூன்றாகிவிட்டது. அப்போதுதான் தரைத்தளத்து அச்சகத்தில் விளக்கு எரிவது அவள் கண்ணில் பட்டது. அங்கே முப்பது வருடமாகப் பிழை திருத்துகிறவர் ஒருவர் இருந்தார். வாழ்நாள் முழுக்கப் படிப்பதையே தொழிலாகக் கொண்டவர். இவரை விட்டுவிட்டு எங்கெல்லாமோ அலைந்தோமே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு அவரைக் கையோடு அழைத்து வந்தாள்.

பிழை திருத்துநர் உட்கார்ந்தார். படித்தார். படித்துக்கொண்டே இருந்தார். முதல் பக்கத்திலேயே இருபத்தைந்து நிமிடம் போனது. ஆராய்ச்சிக்காரி நகத்தைக் கடித்து, அது தீர்ந்து, பேனா மூடியைக் கடிக்க ஆரம்பித்தாள். திடீரென்று அவர் தலையைத் தூக்கி, சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, திரையின் நடுவில் ஒரு வட்டம் போட்டார்.

"சார், அது கம்ப்யூட்டர்."

"இருக்கட்டும்மா. ரெண்டாவது வரியில தபால்காரர் சட்டை நீலம்னு போட்டிருக்கு. ஏழாவது வரியில காக்கின்னு இருக்கு. நடுவுல எங்க போய் மாத்தினாரு?"

எட்டிப் பார்த்தாள். நீலம்தான். காக்கிதான்.

"இதுவரைக்கும் எத்தனை பேர் படிச்சாங்க?"

"முப்பத்தொன்பது பேர்."

"ஒருத்தரும் சொல்லலையா?"

"சொல்லலை."

"அப்ப யாரும் படிக்கலை" என்றார் அவர் நிதானமாக.

"படிச்சாங்க சார். எல்லாருமே ஒன்பது, பத்துன்னு மார்க் வாங்கியிருக்காங்க."

"சட்டையை ஒரே நிறமா மாத்திக் குடு, மேல படிக்கிறேன்."

"மாத்த முடியாது சார். எல்லாரும் ஒரே கதையைத்தான் படிக்கணும்."

"தப்புன்னு தெரிஞ்சும் தாண்டிப் போற பழக்கம் எனக்குக் கிடையாதும்மா" என்று சொல்லி, பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

சிவப்பு வட்டத்தைக் கைக்குட்டையால் துடைத்தாள். அது பூசணிக்காய் அளவுக்குப் பரவியது. மேஜை துடைக்கும் திரவத்தை ஊற்றித் தேய்த்தாள். சிவப்பு போனது, ஆனால் திரை நடுவில் மங்கிப் போனது. எழுத்து தெரிய வேண்டுமே என்று மேஜை விளக்கைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்து வைத்தாள். இப்போது எழுத்து தெரிந்தது. படிக்கத்தான் ஆள் இல்லை.

மணி நாலேகால். கதவு தட்டப்பட்டது.

"மிஷின் ஏத்த வந்திருக்கேன் மேடம். கொஞ்சம் முன்னாடியே வந்துட்டேன். வண்டியை வழியில நிறுத்தியிருக்கேன், சீக்கிரம் கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா..."

நடுவயது டிரைவர். மூக்குக்கண்ணாடி, கையில் ரசீது. ஆராய்ச்சிக்காரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?"

டிரைவருக்குச் சுருக்கென்று பட்டது. "தினமும் பேப்பர் படிக்கிறவன் மேடம் நான்."

"இருபது நிமிஷம். என் மூணு வருஷ உழைப்பு உங்க கையிலதான் இருக்கு. இல்ல, உங்க கண்ணுல."

அவர் யோசிப்பதற்குள் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள். மேஜை விளக்கின் வெளிச்சம் அவருடைய கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. கேமராவுக்குக் கண்ணே தெரியவில்லை. சட்டென்று கண்ணாடியைக் கழற்றி வாங்கித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, அவர் தாடையைத் தாங்கியில் வைத்தாள்.

"மேடம், ஒரு விஷயம்..."

"பேசவே கூடாது. தாங்கி டேப்புல நிக்குது. தாடை அசைஞ்சா எல்லாம் போச்சு."

"இல்ல மேடம், அது வந்து..."

"வண்டிதானே? நான் ஜன்னல்ல பாத்துக்கிட்டே இருக்கேன். ஒரு பக்கம் முடிஞ்சதும் இந்தப் பட்டனை அமுக்குங்க. திரையில வெள்ளைப் புள்ளி தெரியுதா?"

தோசைக்கல் அகலத்துக்கு இருந்தது புள்ளி. "தெரியுது" என்றார், வாயைத் திறக்காமல்.

கதை ஓடியது. ஆராய்ச்சிக்காரி பக்கத்துத் திரையில் அவருடைய கண்ணைப் பார்த்தாள். மூன்று வருடத்தில் அப்படி ஒரு கண்ணை அவள் பார்த்ததில்லை. இடமிருந்து வலம், அடுத்த வரி, இடமிருந்து வலம். எங்கும் தடுமாற்றமில்லை, பின்னால் திரும்பவில்லை. முப்பத்தொன்பது பேரும் முட்டிக்கொண்டு நின்ற அந்த நீளமான வாக்கியத்தைக்கூட அலுங்காமல் குலுங்காமல் கடந்து போனது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே நேரம். அவளுக்குப் புல்லரித்தது.

வழக்கம்போலக் கேள்விகளை அவளே படித்தாள்.

"சாவியைத் தொலைச்ச கடைக்காரர் யாரைக் கூப்பிட்டார்? பூட்டு ரிப்பேர்காரரையா, பல் டாக்டரையா?"

டிரைவர் கொஞ்சம் யோசித்தார். "பூட்டு ரிப்பேர்காரரைத்தான் மேடம் கூப்பிட்டிருக்கணும்."

"தபால்காரர்?"

"நனைஞ்சிருந்தார்னா துண்டுதான்."

பத்துக்குப் பத்து. அவள் பதிவைப் பேராசிரியருக்கு அனுப்பினாள். ஐந்து நிமிடத்தில் அவரே கூப்பிட்டார்.

"யாரும்மா இது? முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு வாசிப்பை நான் பார்த்ததே இல்லை. கண்ணும் தடுமாறலை, புரிதலும் முழுசா இருக்கு. முதல் அத்தியாயத்தை மாத்து. இவரை வெச்சு ஆரம்பி. கமிட்டிக்கு நானே எடுத்துச் சொல்றேன்."

போனை வைத்ததும் அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வெட்கப்படாமல் அழுதாள். டிரைவர் சங்கடத்தோடு ஒதுங்கி நின்றார். பிறகு இருவரும் சேர்ந்து இயந்திரத்தைப் பெட்டியில் வைத்து, கீழே கொண்டு போய் வண்டியில் ஏற்றினார்கள். அவள் ரசீதில் கையெழுத்துப் போட்டாள். சரியாக ஐந்து மணி.

"ரொம்ப நன்றிங்க. உங்களை மறக்கவே மாட்டேன்" என்று கைகூப்பினாள்.

டிரைவர் நகரவில்லை. வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு தயங்கி நின்றார்.

"இப்பப் பேசலாமா மேடம்?"

"தாராளமா பேசுங்க."

"என் கண்ணாடி உங்க கோட்டுப் பையில இருக்கு. அது இல்லாம எனக்கு எழுத்தெல்லாம் வெறும் கோடு கோடாத்தான் தெரியும், ஆனா உங்க கேள்வி ரொம்பச் சுலபம் மேடம், கதையே தேவைப்படலை."