ஓட்டையில்லாத பெட்டி

திண்டுக்கல், நாகல் நகர்,
31-5-1958

மகாராஜராஜஸ்ரீ மாப்பிள்ளை தங்கமுத்து அவர்களுக்கு, மாமனார் உடையப்பன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தையும் மகள் ராமுத்தாயும் சுகம். உங்கள் ஆம்ப்ளிபயர் மட்டும் சுகமில்லை. இப்படி எடுத்த எடுப்பில் சொல்கிறேனே என்று பதறவேண்டாம். உட்கார்ந்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு மேலே படிக்கவும்.

நீங்கள் குழாய் ஸ்பீக்கர் வாங்கச் சென்னைக்கு ரயிலேறிய மறுநாள், உங்கள் கூட்டாளி சௌகத் அலி அந்த ஆம்ப்ளிபயரைத் துணி விலக்கிக் காட்டினார். மூன்று வருஷம் ராப்பகலாகச் செய்தீர்களே, இதையா? ஒரு அலுமினியத் தட்டு, அதன்மேல் ஆறு கண்ணாடி வால்வு அம்மணமாக நிற்கிறது, ஓரத்தில் கரிக்கட்டி மாதிரி ஒரு டிரான்ஸ்பார்மர், அடியில் குடலைப் பிடுங்கிப் போட்டதுபோல் வயர். வத்தலக்குண்டில் இருபது நாள் நாடகத்துக்கு மைக்செட் போடுகிற வேலை கிடைத்தால்தான் உங்களுக்குத் தனிக்கடை, தனிக்கடை வைத்தால்தான் என் மகள் தலைநிமிர்ந்து நடப்பாள். அந்த நாடகத்தை நடத்துகிற ஒச்சப்பன் சின்னாளபட்டிக் கல்யாணத்துக்கு வந்து உங்கள் செட்டைப் பார்க்கப்போகிறார். அவர் முன்னால் இந்தக் கோலத்திலா? நாற்பது வருஷம் இரும்புப் பெட்டி செய்த வீட்டு மாப்பிள்ளையின் பொருளுக்கு ஒரு பெட்டி இல்லையென்றால் ஊர் என்ன சொல்லும்?

ஆகவே செய்தேன். கனமான தகடு, பச்சை வர்ணம், பித்தளைக் கைப்பிடி, முன்கதவில் கஜலட்சுமி, ஏழு லீவர் பூட்டு. எறும்பு நுழைய இடமில்லை. சௌகத் அலி பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"மாமா, பாக்க ராசா கணக்கா இருக்கு. ஆனா காத்துப் போக வழியில்லையே? வால்வு கொதிக்கும் மாமா. மேல கீழ ஓட்டை போட்டுக் குடுங்க."

"ஏலே அப்பு, ஓட்டை போட்ட பெட்டியை உடையப்பன் செஞ்சான்னு எவனாச்சும் சொல்லிரக்கூடாது. கல்யாணம் அம்புட்டு நேரமா நடக்கப்போவுது? செத்த நேரம் தாங்காதா?"

அவர் மரியாதைக்கார மனிதர். அதற்குமேல் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

சின்னாளபட்டியில் பந்தலில் கொண்டுபோய் வைத்ததும் கூட்டம் பெண்ணை விட்டுவிட்டுப் பெட்டியைப் பார்த்தது. பெண்ணின் தகப்பனார் நாச்சிமுத்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சௌகத் அலி இரவல் ஸ்பீக்கரை மாட்டி, சத்தத்தைக் கூட்டி வைத்துப் பாட்டைப் போட்டதும், கண்ட பயலும் திருகாமல் இருக்கட்டும் என்று நான் கதவைச் சாத்தினேன். பூட்டு தானாக விழுகிற பூட்டு, விழுந்தது. அரை மணி நேரம் காந்திகிராமம் வரைக்கும் கேட்டிருக்கும். பிறகு இசைத்தட்டில் பாடுகிறவருக்குத் தொண்டை கட்டியது. பிறகு உறுமினார். பிறகு யாரோ ஒரு அம்மாள், "என்னது, தார் காச்சுற வாடை அடிக்குது?" என்றாள். நான் சமையல்கட்டைப் பார்த்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை, பெட்டி மேலே பச்சை வர்ணம் அப்பளமாகப் பொரிகிறது!

சௌகத் அலி கரண்டைப் பிடுங்கிவிட்டு ஓடிவந்தார். "உள்ள இன்னும் வேகுது, திறங்க மாமா, சாவி!"

சாவி திண்டுக்கல்லில் இருந்தது. பெட்டி ஒரு வண்டியில் போனால் சாவி மறுநாள் வேறு ஆள் கையில்தான் போகவேண்டும் என்பது எங்கள் தொழில் வழக்கம். ஆயிரம் பெட்டி அனுப்பியிருக்கிறேன், ஒருமுறை தவறியதில்லை. அன்றைக்குத் தவறியிருக்கக்கூடாதா? பெண்ணின் தாய்மாமன் குடத்துத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தார், நான் குறுக்கே விழுந்தேன். கடப்பாரை கொண்டுவந்து நெம்பினார்கள். கடப்பாரை வளைந்தது. அழுகையாக வந்தது மாப்பிள்ளை. ஆனால் பொய் சொல்லமாட்டேன், கடப்பாரை வளைந்ததைப் பார்த்து ஒரு ஓரத்தில் சந்தோஷமாகவும் இருந்தது.

ஆள் விட்டனுப்பி, உங்கள் அத்தை முந்தானையில் சாவியை முடிந்துகொண்டு பஸ்ஸில் வந்து இறங்குவதற்குள் தாலி கட்டி, பந்தியும் முடிந்துவிட்டது. திறந்தால் மூன்று வால்வு வெடித்துக் கிடக்கிறது, டிரான்ஸ்பார்மரின் தார் உருகி வழிந்திருக்கிறது. சௌகத் அலி தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்தார். ஒச்சப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போனார். ராமுத்தாய் என்னோடு பேசி எட்டு நாளாகிறது. சோறு வைக்கிறாள், தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைப்பதில்லை. முந்தாநாள் அடுப்படியில் அவள் அம்மாவிடம், "அவுக மூணு வருசத்தை அப்பா அரை மணி நேரத்துல வேகவச்சுட்டாரு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. நியாயந்தானே.

இப்போது நல்ல செய்தி. சௌகத் அலி மதுரைக்குப் போய் வால்வு வாங்கி, டிரான்ஸ்பார்மருக்குப் புதுக் கம்பி சுற்றி, நேற்று பாடவைத்துவிட்டார். பெட்டியில்லாமல், தட்டோடுதான். இருக்கட்டும். காற்றாடக் கிடக்கட்டும். அழகு என்ன செய்யும்? நான் கையைக் காலைப் பிடித்துக் கேட்டதில், ஒச்சப்பன் இன்னொரு தடவை வந்து பார்க்கச் சம்மதித்திருக்கிறார். இனி உங்கள் பொருளின் பக்கம் என் சுண்டுவிரல்கூட வராது. பழனி முருகன் மேல் ஆணை. மாமனாரை மன்னித்து, மனதில் வைக்காமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஸ்பீக்கரோடு நல்லபடியாக வந்து சேரவும். கடையும் பிள்ளைகுட்டியுமாக நீங்கள் இருவரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வெட்கத்துடன்,
உடையப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஒச்சப்பன் வந்துவிட்டார். தட்டைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "இதென்னய்யா, பிரிச்சுப் போட்ட கடிகாரமாட்டம்? நாடகக் கொட்டகைல சனம் சிரிக்கும். அன்னிக்கு வச்ச பச்சைப் பெட்டி வந்தா இருவது நாளும் உங்களுக்கே" என்றார். ராமுத்தாய் எட்டு நாளில் முதல் தடவையாக "அப்பா" என்றாள். நான் என்ன செய்வேன்? ஆணையை முருகன் பார்த்துக்கொள்வார். சௌகத் அலி சாக்பீஸால் புள்ளி வைத்துக் கொடுத்த இடத்திலெல்லாம், பின்பக்கம் நாற்பது ஓட்டை, என் கையாலேயே போட்டேன். சாவியையும் அவரிடமே கொடுத்துவிட்டேன், பாருங்கள், திருந்திவிட்டேன். பிறகு அவர் தொழுகைக்குப் போன நேரத்தில் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அம்மை வார்த்த முகம் மாதிரி இருந்தது மாப்பிள்ளை, என்னால் தாங்க முடியவில்லை. நல்ல பித்தளைத் தகடாக ஒன்று எடுத்து, பளபளவென்று தேய்த்து, பன்னிரண்டு ஆணியில் அத்தனை ஓட்டையையும் மூடிவிட்டேன். அவர் திரும்பி வருவதற்குள் ஆம்ப்ளிபயரோடு பெட்டியை வத்தலக்குண்டு பஸ் கூரையில் ஏற்றியாகிவிட்டது. இன்றைக்குத்தான் முதல் நாடகம்.