திரும்பி வர ஒரு காரணம்

"போதாது," என்றார் கண்ணாடிக்கடைக்காரர், கட்டிய மனைவியின் விசாவை மறுபடியும் மறுத்துவிட்டு.

சாப்பாட்டு மேசைக்கு எதிர்ப்பக்கம் அவர் மனைவி நர்ஸம்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேல்படிப்புக்கு வெளிநாட்டில் இடம் கிடைத்தாகிவிட்டது. பாக்கி விசா நேர்காணல்தான். அதற்குத்தான் இந்த ஒத்திகை. அதிகாரி வேடம் கணவருக்கு. 'படித்து முடித்ததும் எதற்காகத் திரும்பி வருவீர்கள்?' என்ற கேள்வியில்தான் தினமும் வண்டி நின்றது.

"நீங்க இங்க இருக்கீங்களே. அது ஒரு காரணம் இல்லையா?"

அவருக்கு உச்சி குளிர்ந்துபோனது. ஆனால் அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வழிய முடியுமா? புருஷனை மட்டும் நம்பி யாரும் விசா தர மாட்டார்கள் என்று மைத்துனன் அடித்துச் சொல்லியிருந்தான். அவன் விமான டிக்கெட் போடும் கடையில் வேலை பார்ப்பவன். ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை என்றாலும், அந்த வீட்டில் வெளிநாட்டு விஷயத்தில் அவன் வைத்ததுதான் சட்டம்.

"அசையாத மாதிரி ஏதாவது இருக்கணும் மாமா. உங்களுக்கு வாடகை வீடு. அக்கா வேலையையும் விட்டாச்சு. எதைக் காட்டி நம்பச் சொல்வீங்க?"

கண்ணாடிக்காரருக்குக் கனவு காண்பது தொழிலோடு சேர்ந்து வந்த பழக்கம். கடையில் ஆள் இல்லாத சாயங்காலங்களில், பொருந்தாத லென்ஸ் ஒன்றைப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்ப்பார். விளக்குகளெல்லாம் கரைந்து வெள்ளை வெள்ளையாக மிதக்கும். அதுதான் பனி. அந்தப் பனியில் அவள் பெரிய கோட்டு போட்டுக்கொண்டு நடப்பாள். அவளுடைய புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு அவர் பக்கத்திலேயே நடப்பார். யாராவது வந்து தங்கள் கண்ணாடி தயாரா என்று கேட்டதும் பனி உருகிவிடும். படிக்கப் போகிறவளோடு புருஷனுக்கு என்ன வேலை என்று பெருமூச்சு விட்டு லென்ஸைக் கழற்றி வைப்பார். அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

ஆனாலும் அவள் ஆசை கெடக் கூடாது. ஆகவே கடன் வாங்கி ஒரு அடுக்குமாடி வீட்டை வாங்கிக் குடியேறினார். மாதத் தவணை கட்டி முடிப்பதற்குள் அவர் முடி முழுக்க நரைத்துவிடும்.

மைத்துனன் புது வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். வீட்டைப் பூட்டிவிட்டு யார் வேண்டுமானாலும் போகலாமே, உயிருள்ளதாக ஏதாவது வேண்டாமா என்றான். அது நியாயமாகத்தான் பட்டது. கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு நாய் வந்து சேர்ந்தது. அது நர்ஸம்மாவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கண்ணாடிக்காரர் கையால் ஊட்டினால் மட்டும் சாப்பிட்டது. அவர் கண்ணில் படாவிட்டால் கட்டடமே அதிரக் குரைத்தது.

குரைப்பைப் பற்றிப் புகார் போனது. மன்னிப்புக் கேட்கலாம் என்று குடியிருப்போர் கூட்டத்துக்குப் போனவர், சங்கச் செயலாளராகத் திரும்பி வந்தார். இப்படிப் பணிவாகப் பேசுகிற ஆள் இதுவரை வாய்க்கவில்லை என்று சொல்லி, எல்லாருமாகச் சேர்ந்து அவர் தலையில் கட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து தண்ணீர் தொட்டி, பழுதான லிஃப்ட், மேல்வீட்டுச் சண்டை எல்லாம் அவர் பொறுப்பு. பனியைப் பார்க்க நேரமே இல்லை.

"இப்பப் பிரமாதம் மாமா. இனி நீங்க நினைச்சாலும் நகர முடியாது," என்று மைத்துனன் அவர் முதுகில் தட்டினான்.

நேர்காணல் நாளில் அவர் கவுன்ட்டருக்கு எதிரே இருந்த முதல் வரிசையில் உட்கார்ந்தார். அதிகாரி அம்மாளின் கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கிக்கொண்டே இருந்தது. எழுந்து போய்ச் சரிசெய்துவிடலாமா என்று அவருக்குக் கை துறுதுறுத்தது. அதற்குள் அந்தக் கேள்வி வந்துவிட்டது.

நர்ஸம்மா ஒத்திகை பார்த்த பதிலை மறந்துபோனாள். திரும்பிக் கணவரை ஒரு முறை பார்த்தாள்.

"எனக்கு விசா கிடைக்கணும்னு இவர் கடன்ல வீடு வாங்கினார். நாய் வாங்கினார். வேண்டாத பதவியை எல்லாம் தலையில ஏத்திக்கிட்டார். இனிமே இவரால இந்த ஊரை விட்டு நகரவே முடியாதுங்க. இவர் இங்க இருக்கும்போது நான் வேற எங்க போவேன்?"

எந்த லென்ஸும் இல்லாமலே கண்ணாடிக்காரருக்கு எதிரில் எல்லாம் வெள்ளையாகக் கரைந்தது. அனுமதி முத்திரை விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

அதிகாரி அம்மாள் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார். படிக்க வர்றவங்க வீட்டுக்காரரையும் கூடவே கூட்டிட்டு வரலாம். நாயைத்தான் கூட்டிட்டு வர முடியாது."