வாசலில் நாலு பை

ஜஹபர் நிஷா கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகப்போகிறாள் என்ற செய்தி, ஜஹபர் நிஷாவுக்கே வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்குத்தான் தெரியவந்தது. பக்கத்து வீட்டுப் பாக்கியலட்சுமி கறிவேப்பிலை வாங்குகிற சாக்கில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"நிஷாக்கா, ஆம்பளைங்கன்னா முன்ன பின்னதான் இருப்பாங்க. ஞாயித்துக்கிழமை ரூமானாவப் பொண்ணு பாக்க வர்றாங்க. அது வரைக்குமாச்சும் பொறுத்துக்கக் கூடாதா?"

அவள் பார்வை போன இடத்தில், கதவோரமாக, பிதுங்கப் பிதுங்க அடைத்து ஜிப் போட்ட ஒரு நீலப் பை உட்கார்ந்திருந்தது.

வைத்த புண்ணியவான் நிஷாவின் கணவர் கமருஸ்ஸமான். பெரிய மார்க்கெட்டில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருப்பவர். யாரோ வராமல் போனதால் காலியான இடத்தில் புகுந்து, மூன்று நாள் பேரிடர் பயிற்சி முடித்து, ஆரஞ்சுச் சட்டையும் விசிலும் வாங்கிக்கொண்டு கருவடிக்குப்பம் திரும்பியிருந்தார். புயலோ வெள்ளமோ வந்தால் தூக்கிக்கொண்டு ஓட, கதவோரம் எப்போதும் ஒரு பை தயாராக இருக்க வேண்டும் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். நல்ல யோசனைதான், யார் இல்லை என்றது? ஆனால் நம் தெருக்களில் கதவோரம் துணிப்பை இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்பதை அந்த மூன்று நாளில் ஒருத்தரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

பகல் பன்னிரண்டுக்கு சேதி கடலூரில் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்று மணிக்கு நிஷாவின் தம்பி ஃபஹீம் பஸ் பிடித்து வந்து நின்றான். மச்சான் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன், அக்காவை யார் என்ன சொன்னது என்று கேட்டான். பையைத் திறந்து டார்ச் லைட், ரேஷன் கார்டு, பிஸ்கட் பாக்கெட் எல்லாவற்றையும் பாயில் பரப்பிக் காட்டிய பிறகுதான் டீ குடித்தான். பிஸ்கட்டும் தின்றான்.

அவனை பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் நிஷா கணவரைத் தனியே கூப்பிட்டாள்.

"ஏங்க, பையன் போட்டோவ உங்க மக தலையணைக்கு அடியில வச்சிருக்கா. இந்த வீட்ல புருஷன் பொண்டாட்டி சரியில்லன்னு ஒரு வார்த்தை அவங்க காதுல விழுந்தா, வந்த வழியே திரும்பிப் போயிடுவாங்க. அந்தப் பைய உள்ள எடுத்து வைங்க."

கமருஸ்ஸமான் யோசித்தார். பையை உள்ளே வைத்தால் வாங்கிய சான்றிதழுக்கு மரியாதை இல்லை. ஒரு பை இருப்பதால்தானே ஒருத்தி மட்டும் போகிறாள் என்கிறார்கள்? ஆளுக்கு ஒன்று, பொதுவில் ஒன்று என்று நாலு பை கட்டி வரிசையாக வைத்தார். வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் எதிர்வீட்டுக் கலியபெருமாள் வந்தார். குடும்பத்தோடு பிரான்சுக்குப் போகிறவர் எதிர்வீட்டுக்காரனிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று மனம் நொந்து பேசினார். பேப்பரெல்லாம் சரியாக வந்துவிட்டதா என்று விசாரித்தார். பிறகு பாரிசில் இருக்கும் தங்கைக்காக இரண்டு கிலோ வடகப் பொட்டலத்தை நீட்டினார்.

புதுச்சேரியில் ஒரு பை என்றால் அம்மா வீடு, நாலு பை என்றால் பிரான்ஸ். இதையும் பயிற்சியில் சொல்லவில்லை.

பதினொரு மணிக்குள், பாரிசில் ஆள் உள்ள அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். எலுமிச்சை ஊறுகாய், கைமுறுக்கு, பேத்திக்கு வசம்பு வளையல், ஒரு கிலோ நெத்திலிக் கருவாடு. போகவில்லை என்று அவர் சத்தியம் பண்ணினால், கண் பட்டுவிடும் என்று மறைக்கிறார் என அவர்களே சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வந்தால் நாலு பேர் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். மாலையில் பாக்கியலட்சுமி வந்து, ரூமானாவுக்கு பிரான்சிலேயே மாப்பிள்ளை முடிந்துவிட்டதாமே, அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களை என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டாள். ரூமானா அடுக்களையில் உட்கார்ந்து அழுதாள். கருவாட்டு வாசனை வேறு.

மகள் அழுததும் கமருஸ்ஸமானுக்கு ரோஷம் வந்துவிட்டது. சனிக்கிழமை காலை ஆரஞ்சுச் சட்டையை மாட்டி, விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டு, வீடு வீடாகப் பொட்டலங்களைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே பை எதற்கு என்று பாடம் நடத்தினார். தெருவே கையைக் கட்டிக்கொண்டு கேட்டது. அவர் தலை மறைந்ததும், பாய்க்கு மேலிடத்திலிருந்து ரகசியத் தகவல் வந்திருக்கிறது, பெரிய புயலாம், வெளியே சொல்லக் கூடாது என்று உத்தரவாம் என்று பேசிக்கொண்டது. வானத்தில் பேருக்குக்கூட ஒரு மேகம் இல்லை. மதியத்துக்குள் மெழுகுவர்த்தியும் பிரெட்டும் எந்தக் கடையிலும் இல்லை.

ஞாயிறு காலை கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தெரு முழுக்க வாசலுக்கு வாசல் பை. கலியபெருமாள் வீட்டில் ஏழு, கூடவே காற்றடித்த லாரி டியூப் இரண்டு. இன்று ஒரு நாள் மட்டும் உள்ளே எடுத்து வையுங்கள் என்று கமருஸ்ஸமான் கெஞ்சினார்.

"பாய், உங்க நெலமை எங்களுக்குப் புரியுது. நாங்க யார்கிட்டயும் மூச்சு விட மாட்டோம்" என்றார் கலியபெருமாள்.

பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை ரிஹான், அவன் பெற்றோர், கல்யாணமான அக்கா லமீஸ். டியூப் மறித்ததால் வண்டியைத் தெருமுனையிலேயே விட்டு நடந்து வந்தார்கள். ஒவ்வொரு வாசலையும் பார்க்கப் பார்க்க அவர்கள் நடை தளர்ந்தது. உள்ளே வந்து உட்கார்ந்தும் ஒருவரும் சமோசாவைத் தொடவில்லை. ரிஹானின் அம்மா நாலு பைகளையும் பார்ப்பதும் முந்தானையால் நெற்றியைத் துடைப்பதுமாக இருந்தார். ரூமானா டீத் தட்டை நீட்டினாள், எடுக்க ஒரு கையும் வரவில்லை.

எல்லாம் போச்சு என்று கமருஸ்ஸமானுக்குத் தெரிந்துவிட்டது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"உண்மையச் சொல்லிடுறேங்க. இங்க சண்டையும் இல்ல, நாங்க பிரான்சுக்கும் போகல. வெள்ளம் வந்தா எம் பொண்ணு தடுமாறக் கூடாது, அதுக்குத்தான் இந்தப் பை. இடுப்பளவு தண்ணியிலயும் இதத் தலையில வச்சுக்கிட்டு மூணு நிமிஷத்துல மொட்டை மாடி ஏறிடுவா. பழக்கி வச்சிருக்கேன். இதுக்காக வேணாம்னு தோணிச்சுன்னா, இப்பவே சொல்லிடுங்க."

ரிஹானின் பெற்றோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லமீஸ் தன் அம்மா பக்கம் சாய்ந்து, மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"ஏம்மா, மழை வந்தா நம்ம வீட்ல கட்டில் மெதக்குறத நிக்காஹ் முடியுற வரைக்கும் யாருக்கும் சொல்லக் கூடாதுன்னீங்களே, இவங்க தெரு மொத்தத்துக்கும் தெரிஞ்சிருக்கே."