ஓவனில் வெந்த ஹெட்லைட்

பயந்தவன் சும்மா இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அவன் தன்னைத் தைரியசாலி என்று காட்டிக்கொள்ளக் கிளம்பும்போதுதான் சுற்றியிருப்பவர்களுக்கு ஆபத்து. நான் அந்த ரகம். பல்லிக்குப் பயம், லிஃப்டுக்குப் பயம், மேனேஜரின் 'ஒரு நிமிஷம் பேசலாமா'வுக்குப் பயம். கல்யாணத்துக்குப் பிறகு இந்தப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தவர் என் மாமனார்.

நான் அல்சூர்க்காரன். கூட வேலை பார்த்த ஷீலாவைக் காதலித்துக் கட்டிக்கொண்டு, காக்ஸ் டவுனில் அவள் பெற்றோர் வீட்டு மாடியில் குடியேறி மூன்று மாதம் ஆகியிருந்தது. (வீட்டோடு மாப்பிள்ளை இல்லை. மாடிக்குத் தனி வாசல் உண்டு. சாப்பாடு மட்டும் கீழே.) மாமா ஸ்கூலில் பி.டி. மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பேச்சு குறைவு, விசில் அடித்துப் பழகிய வாய். நான் சாப்பிட உட்கார்ந்தால்கூட முதுகை நிமிர்த்திக்கொண்டுதான் உட்காருவேன். அவரிடம் பன்னிரண்டு வயதான ஒரு வெள்ளைக் கார் இருந்தது. அதன் சாவி ஹாலில் ஓர் ஆணியில் தொங்கும். அதை எடுக்க எனக்கு உரிமை இல்லை என்று யாரும் சொன்னதில்லை. சொல்லாமலே தெரிந்தது.

நவம்பர் கடைசியில் ஒருநாள் சாயங்காலம் மாமா காரை உள்ளே கொண்டுவரும்போது கேட் தூணில் உரசிவிட்டார். இறங்கி, கீறலைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முதுகை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

"மாப்ள, பொம்பளைங்ககிட்ட சொல்லாதீங்க. இருட்டிப்போனா எனக்கு ரோடு மங்கலாத் தெரியுது. எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

அண்ணன் கோலார் தங்கவயலில் இருப்பவர். கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை போய், இப்போது கை பிடித்துத்தான் பாத்ரூமுக்கே கூட்டிப்போகிறார்கள்.

"டாக்டர்கிட்ட காட்டலாமே மாமா."

"காட்டினா வண்டி ஓட்டாதேம்பான். அதுக்கப்புறம் நான் என்ன பண்றது, ஜன்னல்கிட்ட உக்காந்துட்டு இருக்கறதா?"

அந்த மனிதர் முதன்முறையாக என்னிடம் ஒரு ரகசியம் சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் நடந்தேன். மூன்றாம் நாள்தான் காரின் முன்பக்கத்தைச் சரியாகப் பார்த்தேன். இரண்டு ஹெட்லைட் கண்ணாடியும் பழைய பல்செட் மாதிரி மஞ்சளாகப் புகை படிந்து கிடந்தன. அட, கோளாறு கண்ணில் இல்லை, லைட்டில்! அன்று ராத்திரியே ஷீலாவிடம் சொல்லி, மறுநாள் ஒரு மெக்கானிக்கிடம் காரை விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. ஆனால் நான் என் கையாலேயே சரிசெய்து, மாமா வாயடைத்துப் போவதைப் பார்க்க ஆசைப்பட்டேன்.

வீடியோக்கள் பார்த்தேன். உள்ளே இருக்கும் பழைய பல்பை எடுத்துவிட்டு எல்.ஈ.டி. புரொஜெக்டர் என்றொரு லென்ஸ் விளக்கை வைத்தால் ரோடு பகல் மாதிரி இருக்குமாம். ஜே.சி. ரோட்டில் ஒரு கடையில் போய்க் கேட்டேன். கடைக்காரர் பொருளை எடுத்து வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஃபிட்டிங் யார் சார் பண்றாங்க?"

"நான்தான்."

"வேணாம் சார். வண்டிய இங்க விட்டுட்டுப் போங்க. வீட்ல ட்ரை பண்ணா சும்மனே பேஜாரு."

வியாபாரத்துக்காகச் சொல்கிறார் என்று நினைத்து, ஓர் ஏளனச் சிரிப்பு சிரித்துவிட்டு வந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

சந்தர்ப்பமும் வாய்த்தது. டிசம்பர் முதல் வாரம் மாமா அண்ணனைப் பார்க்க இரண்டு நாள் தங்கவயல் போனார். ஷீலா ஆபீஸில். அத்தை மத்தியானம் பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போய்விட்டார். நான் 'வீட்டிலிருந்தே வேலை'. பம்பரைக் கழற்றி, லைட் இரண்டையும் வெளியே எடுத்தேன். (திரும்பப் பூட்டும்போது நான்கு ஸ்க்ரூ மிச்சமாயின. கம்பெனிக்காரன் கூடுதலாகப் போட்டிருக்கிறான் என்று தீர்மானித்தேன்.) இனி கண்ணாடியைப் பிரிக்க வேண்டும். அது கறுப்புப் பசையால் ஒட்டப்பட்டிருந்தது. பசை இளக, மொத்த லைட்டையும் ஓவனில் வைத்துச் சூடுபடுத்த வேண்டும் என்றார் வீடியோக்காரர்.

எங்கள் வீட்டில் ஓவன் இருந்தது. அதுதான் விஷயம். அத்தை கிறிஸ்துமஸுக்கு பிளம் கேக் ஆர்டர் எடுப்பவர். சிவாஜிநகரில் சொல்லிச் செய்த தகர ஓவன், ஒரே தடவையில் ஆறு கேக் வேகும். நவம்பரிலிருந்து அதன் கதவைப் பெற்ற மகள்கூடத் தொட முடியாது. மாமாவின் கார் சாவி ஆணியில் தொங்குகிறது, எட்டி எடுத்துவிடலாம். அத்தையின் ஓவனைத் தொடுவது கர்ப்பக்கிரகத்துக்குள் செருப்போடு போவது மாதிரி. நான் ஹெட்லைட்டோடு போனேன்.

முதல் லைட் நன்றாக வந்தது. இரண்டாவதை வைத்திருந்தபோது மேனேஜர் போன் செய்து 'ஒரு நிமிஷம் பேசலாமா' என்றார். அது இருபது நிமிஷம் போனது. வாசனை வந்து ஓடினால், லைட்டின் பின்பக்கப் பிளாஸ்டிக் ஒரு மூலையில் தொய்ந்து, சொட்டுச் சொட்டாக ஓவன் தட்டில் விழுந்திருந்தது. கத்தியால் சுரண்டினேன், சாம்பிராணி போட்டேன், எலுமிச்சைத் தோலைக் கொதிக்கவிட்டேன். தொய்ந்த மூலையை நிமிர்த்தி, புரொஜெக்டரை வைத்து, கண்ணாடியின் மஞ்சளைத் தேய்த்தெடுத்து, பாத்ரூம் ஜன்னலுக்குப் பூசும் பசையால் ஒட்டி, அத்தை கேட்டைத் திறப்பதற்குள் காரில் பூட்டிவிட்டேன். பட்டப்பகலில் ஸ்விட்ச் போட்டுப் பார்த்தேன். இரண்டும் எரிந்தன. வேறென்ன வேண்டும்?

அத்தை மூக்கைச் சுருக்கினார். "என்ன வாசனை இது?"

"சாம்பிராணி அத்தை. கொசு."

அன்று சாயங்காலமே பன்னிரண்டு கேக் அதே ஓவனுக்குள் போயின. நான் மாடியில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அந்த வாரம் கேக் வாங்கிய ஒரு டீச்சர் போன் செய்து, "இந்த வருஷம் புதுசா என்னமோ சேத்திருக்கீங்க, நல்லாருக்கு" என்றாராம். அத்தை பூரித்துப்போனார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாமா ஊரிலிருந்து வந்து காரைச் சுற்றி நடந்தார். பளபளவென்ற கண்ணாடியின் முன் நின்றார்.

"கழுவினீங்களா?"

இப்போது சொல்லியிருக்க வேண்டும். லைட்டைப் பிரித்தேன் என்றால் எப்படிப் பிரித்தாய் என்பார். ஓவன் வெளியே வரும். ஓவன் வந்தால் கேக் வரும். கேக் பாஸ்டர் வீடுவரை போயிருக்கிறது.

"ஆமா மாமா. கழுவினேன்."

"பரவால்ல," என்றார். மூன்று மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. அதைத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை, சந்தாபுரா தாண்டி ஆனேக்கல் ரோட்டில் மாமாவின் தங்கை கட்டியிருந்த புது வீட்டுக்குப் பிரதிஷ்டை. காலை ஆறு மணிக்கு ஜெபம். விடியுமுன்னே கிளம்பினோம். மாமா ஓட்ட, நான் பக்கத்தில். பின்னால் அத்தையும் ஷீலாவும் மடியில் ஆளுக்கு இரண்டு கேக்கோடு. ஊருக்குள் தெருவிளக்கு இருந்ததால் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. சந்தாபுராவில் திரும்பி ஏரிப் பக்கம் இறங்கியதும் விளக்கு நின்றுபோனது. மூடுபனி வேறு.

அப்போதுதான் என் கைவண்ணத்தை நானே முதன்முதலாகப் பார்த்தேன். இடது லைட் தென்னை மட்டைகளை வெளிச்சம் போட்டுக் காட்டியது. ஒரு மாடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் கண்ணைப் பொத்திக்கொண்டார். வலது லைட் எங்கள் டயரைத் தவிர வேறெதையும் காட்ட மறுத்தது. போதாதற்கு, ஜன்னல் பசை வழியாகப் பனி உள்ளே புகுந்து கண்ணாடி வேர்த்துவிட்டிருந்தது. நடுவில் ரோடு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

மாமா ஸ்டியரிங்கோடு நெஞ்சு ஒட்டும்படி குனிந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டினார். பிறகு மெதுவாக, பின்னால் கேட்காதபடி கேட்டார்.

"மாப்ள, உங்களுக்கு ரோடு தெரியுதா?"

என் வாழ்க்கையில் நான் செய்த ஆகக் கேவலமான காரியம் இதுதான்.

"தெரியுது மாமா," என்றேன்.

அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. மாப்பிள்ளைக்குத் தெரிகிறது, தனக்குத் தெரியவில்லை என்று அவர் கணக்குப் போடுவது எனக்குக் கேட்கிற மாதிரியே இருந்தது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது. அந்த வளைவு தாண்டட்டும், இந்த வீடு தாண்டட்டும் என்று ஒத்திப்போட்டேன். உள்ளங்கை வேர்த்து, சீட் பெல்ட்டைப் பிடித்த பிடி வழுக்கியது.

திடீரென்று பனிக்குள் ஒரு செல்போன் வெளிச்சம் மேலும் கீழும் ஆடியது. மாமா பிரேக்கில் ஏறி நின்றார். பின்னாலிருந்து ஒரு கேக் பறந்து வந்து என் பிடரியில் மோதியது. கார் நின்றபோது முன்னால் ஒரு கல் லாரியின் பின்பலகை. விளக்கில்லாமல் பஞ்சராகி நின்ற லாரி. கையை வெளியே நீட்டினால் தொட்டுவிடலாம். நான் கண்ணை மூடியிருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஷீலா அழ ஆரம்பித்தாள். அத்தை "இயேசப்பா, இயேசப்பா" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

மாமா இன்ஜினை அணைத்தார். சாவியை உருவினார்.

"நாலு உசுரு," என்றார். "போதும். எனக்கு அண்ணன் மாதிரியே ஆயிடுச்சு. இந்தாங்க மாப்ள, இனிமே நீங்களே வெச்சுக்குங்க."

மூன்று மாதமாக நான் ஏங்கிய சாவி. என் உள்ளங்கையில் அது சூடாக இருந்தது. பி.டி. மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். எனக்கு அடக்க முடியவில்லை.

"மாமா, எனக்கும் ரோடு தெரியல."

"இப்பதான தெரியுதுன்னீங்க?"

"பொய் சொன்னேன். உங்க கண்ணுல ஒண்ணுமில்ல. லைட்ட நான் பிரிச்சு மாத்தினேன். தப்பா மாட்டிட்டேன்."

"கழுவினேன்னீங்களே?"

"கழுவறதுக்கு முன்னாடி வேக வெச்சேன்."

"எதுல?"

"ஓவன்ல."

பின் சீட்டிலிருந்து அத்தையின் குரல் மிக நிதானமாக வந்தது.

"எந்த ஓவன்?"

எங்கள் வீட்டில் ஒரே ஓவன்தான் என்பது அவருக்கும் தெரியும். என்றைக்கு என்று கேட்டார். சொன்னேன். மடியில் மிச்சமிருந்த கேக்கைத் தூக்கி மோந்து பார்த்தார். பெற்றோர் முன்னால் என்னை 'நீங்க' என்று மட்டுமே கூப்பிடும் ஷீலா, "ஏய், உனக்கு மண்டையில மூளைன்னு ஏதாவது இருக்கா?" என்றாள்.

மாமா கதவைத் திறந்து இறங்கினார். அடி விழப்போகிறது என்று நான் கதவைப் பூட்டிக்கொண்டேன். (உண்மையாகவே பூட்டினேன்.) அவர் காரின் முன் மூலையில் போய் நின்று தென்னைமரத்தைப் பார்த்தார், டயரைப் பார்த்தார். செல்போனை ஆட்டிய லாரி டிரைவர் பக்கத்தில் வந்தார். தர்மபுரிக்காரர்.

"இந்த லைட்ட வெச்சவன் எவன் சார்?"

"எம் மாப்ளதான்," என்று மாமா சொன்னார். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, அந்த மனிதர் சிரித்தார். எனக்கு நன்றாகப் புரிந்தது, அது என் மேல் வந்த சிரிப்பு மட்டுமில்லை.

விடியும்வரை லாரிக்குப் பின்னாலேயே காத்திருந்தோம். பிறகு மாமா என் கையிலிருந்த சாவியைக் கேட்காமலே எடுத்துக்கொண்டார். வழி நெடுக, பஸ் போர்டு, கடை போர்டு, சுவரில் எழுதியிருந்த பைல்ஸ் வைத்தியர் விளம்பரம் என்று கன்னடத்திலும் தமிழிலும் கண்ணில் பட்டதையெல்லாம் சத்தமாக வாசித்துக்கொண்டே ஓட்டினார். ஜெபம் முடிந்தபிறகுதான் போய்ச் சேர்ந்தோம். கை கழுவுவதற்கு முன்பே அத்தை பாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பாஸ்டர், "தெரியாம சாப்பிட்டது ஒண்ணும் செய்யாது" என்று சொன்னாலும் காபியோடு நிறுத்திக்கொண்டார்.

இது நடந்து நாலு வருஷம் ஆகிறது. லைட்டை அந்த ஜே.சி. ரோட்டுக் கடைக்காரரே சரிசெய்தார். (அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.) ஓவனுக்கு இப்போது பூட்டு இருக்கிறது. கரண்ட் போனால் வீட்டில் ஃபியூஸைப் பார்ப்பதற்கு முன், "மாப்ள எங்க இருக்காரு?" என்றுதான் கேட்பார்கள். தங்கவயலிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் சும்மா லைட்டைப் போட்டு அணைத்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. போன மாதம் ஷீலா வற்புறுத்தி மாமாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் இரண்டு கண்ணிலும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "புரை நல்லா முத்தியிருக்கு சார். ஆபரேஷன் பண்ணிடலாம், பார்வை திரும்பிடும். அதுவரைக்கும் வண்டி ஓட்டாதீங்க" என்றார்.

மாமா அசரவில்லை. "கண்ணுல ஒண்ணுமில்ல டாக்டர். எம் மாப்ள வண்டில கைய வெச்சிருப்பாரு. அதை மொதல்ல செக் பண்ணிடறேன்."

டாக்டருக்குக் கதை சொல்லப்பட்டது. நர்ஸ் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, மருந்து வாங்கிக்கொண்டு பார்க்கிங்குக்கு வந்தேன். அங்கே மாமா யாருடையதோ ஒரு வெள்ளைக் காரின் கதவில் எங்கள் சாவியை நுழைத்துத் திருகிக்கொண்டிருந்தார். எங்கள் கார் இரண்டு வண்டி தள்ளி நின்றது.

என் காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார்.

"மாப்ள," என்றார், "இந்தப் பூட்ட என்ன பண்ணித் தொலைச்சீங்க?"