உப்புக்காரர் வீட்டுத் தக்காளி

தக்காளிக்கு அடி கறுத்திருந்தது. திருப்பிப் பார்த்த உப்புக்காரர் அடுத்த தொட்டிக்கு ஓடினார்.

உரக்கடைக்காரர் அவர். பயிருக்குப் போடும் தாது உப்புகளை மூட்டை மூட்டையாக விற்று அந்தப் பெயரைச் சம்பாதித்தவர். "என் கால்சியம் உப்பைப் போட்ட தக்காளிக்கு அடி அழுகாது. அழுகினா மீசையை எடுத்துடறேன்!" என்று கல்லாவில் உட்கார்ந்து அவர் முழங்காத நாளில்லை. மீசையும் லேசுப்பட்டதல்ல, வாசலில் அவர் நுழையுமுன் அது நுழையும்.

இப்போது அவர் வீட்டு மொட்டைமாடியிலேயே, தொட்டிக்குத் தொட்டி அதே அழுகல். நாளை மறுநாள் தக்காளி விவசாயிகள் சங்கத் தலைவி வருகிறார். "ஊருக்குச் சொல்றவர் வீட்டுல எப்படி விளையுதுன்னு பாத்துட்டுத்தான் எங்க ஆளுங்களை அனுப்புவேன்" என்று கறாராகச் சொல்லியிருந்தார். மாடி பிடித்தால் சங்கமே இவர் கடைக்கு. பிடிக்காவிட்டால் எதிர்க்கடைக்கு.

"இதுக்கு எப்பங்க உப்பு போட்டீங்க?" என்றாள் மனைவி.

"நானா? விக்கிற சரக்குல வீட்டுக்காரன் கை வைக்கக் கூடாது. அது எங்க குடும்பத்துத் தொழில் தர்மம்."

"அப்ப மீசையை எந்தத் தைரியத்துல பணயம் வச்சீங்க?"

"மீசை கடைக்கு. செடி வீட்டுக்கு. ரெண்டையும் குழப்பாத."

தர்மத்தை அன்று மாலையே மீறினார். வாங்க வருகிறவர்களிடம் "வாளிக்கு ஒரு கரண்டி, அதுக்கு மேல வேணாம்" என்று படித்துப் படித்துச் சொல்கிறவர், தன் வாளியில் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார். விடிந்து பார்த்தால் இலைகளெல்லாம் ஓரம் கருகிப் புகையிலையாகச் சுருண்டிருந்தன.

"உப்பைத் தின்னா தண்ணி குடிச்சுத்தானே ஆகணும்" என்று பெருமூச்சு விட்டாள் மனைவி.

"அட, ஆமால்ல!" என்று குழாயைத் திறந்தவர், வீட்டுத் தண்ணீர்த் தொட்டி காலியான பிறகுதான் நிறுத்தினார்.

மறுநாள் காலையில், அழுகாமல் மிச்சமிருந்த காய்களும் தண்ணீர் குடித்து ஊதி, வாய் பிளந்து நின்றன.

"நான் பழமொழி சொன்னேன். நீங்க குழாயைத் திறந்துட்டீங்க!"

"அவங்க வந்துடுவாங்களேடி! ஏதாவது பண்ணு!"

தெருமுனையில் ஒரு காய்கறிக்காரி உண்டு. தானே விளைத்துத் தானே விற்பவள். அவள் தக்காளி தேய்த்து வைத்த செம்பு மாதிரி மின்னும். 'இவ மட்டும் அப்படி என்னத்தைத்தான் போடுறாளோ!' என்று உப்புக்காரர் பலமுறை பொருமியிருக்கிறார். மனைவி ஓடிப்போய் அவளிடமிருந்து காம்போடு ஒரு கூடை தக்காளி வாங்கி வந்தாள். இருவரும் கெட்ட காய்களைப் பறித்தெறிந்துவிட்டு, உட்கார்ந்து பச்சை நூலால் செடிசெடியாகக் கட்டினார்கள். கடைசி முடிச்சு விழுந்தபோது, அத்தனையும் தன் செடியில் காய்த்தவைதான் என்று உப்புக்காரரே நம்பத் தொடங்கியிருந்தார். மீசை தானாக நிமிர்ந்தது.

தலைவி வந்தார். குனிந்து பார்த்தார்.

"இலை ஏன் இப்படிக் கருகிக் கிடக்கு?"

"சத்தெல்லாம் பழத்துக்குப் போயிடுச்சும்மா!"

ஒரு பழத்தைத் திருப்பினார். அடி வழவழவென்று மாசுமறு இல்லாமல் இருந்தது. "அடேயப்பா!" என்றபடி பறிக்கப் போனார். பழம் வந்தது. கூடவே நூலும் வந்தது.

"உங்க வீட்டுச் செடி காம்புல முடிச்செல்லாம் போட்டுக்குமோ?"

உப்புக்காரரின் கை மீசையை மூடிக்கொண்டது. "அம்மா, என் செடி அழுகினது நிசம். ஆனா என் சரக்கு பொய்யில்ல. கஞ்சத்தனத்துல நான்தான் அதைப் போடல. வேலை செய்யற உப்பும்மா அது. சத்தியம்!"

"சத்தியத்தை வச்சு நான் என்ன செய்ய? அந்த உப்புல விளைஞ்ச பழம் ஒண்ணே ஒண்ணு காட்டுங்க, போதும்."

அவர் எங்கே போவார்? எதிர்க்கடைக்காரன் சிரிப்பது இங்கேயே கேட்டது போலிருந்தது.

தலைவி படியிறங்கத் திரும்பினார். காலிக் கூடையைத் திரும்ப வாங்கிப் போக வந்த காய்கறிக்காரி எதிரே ஏறிவந்து, செடிகளைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்தாள்.

"ஏண்ணே, எங்க வீட்டுக்காரர் உங்க கடை உப்பை வாங்கியாந்து போட்டு, பாத்துப் பாத்து நான் விளைச்ச பழத்தைக் கொண்டாந்து, இந்தச் சொத்தைச் செடியிலயா கட்டித் தொங்க விட்டிருக்கீங்க?"