என் ரத்தத்தை நம்பாதே

அன்பும் அறிவும் ஒருங்கே அமைந்த மருமகளுக்கு, மாமனார் பணிவுடன் எழுதிக்கொள்வது. நான் நலம். நீயும் நலம் என்று தெரியும்; பக்கத்து அறைதானே, தும்மினால்கூடக் கேட்கிறது. நேரில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்பாய். உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை.

நாளைக்குக் காலையில் பெரிய பெரிய விஞ்ஞானிகள் முன்னால் நீ பேசப் போகிறாய். கிழவங்க ரத்தத்துல, புற்றுநோயை அடிக்கிற இயற்கைக் கொல்லி உயிரணுங்க ஏன் சோம்பேறி ஆகுதுன்னு. நீ சாப்பாட்டு மேஜையில ஒத்திகை பார்த்துப் பார்த்து எனக்கே மனப்பாடம். அந்த அணு எலும்பு மஜ்ஜையில பொறக்குது. அதுக்குள்ள நொதிங்கதான் சேதி கடத்துற ஆளுங்க. புற்று அணுவைத் தொட்டதும் ஒருத்தன் அடுத்தவன் தோளைத் தட்டுவான், அவன் அதுக்கு அடுத்தவனை, கடைசியில விஷப்பை திறக்கும். வளர்ற வயசுல அந்தச் சேதிக்காரன் சரியில்லைன்னா ஆள் வளர்ந்து நிப்பான், அடிக்கத் தெரியாது. "அட, என் பையன்!"னு நான் சொன்னதுக்கு நீ விழுந்து விழுந்து சிரிச்சே.

உன் ஆராய்ச்சிக்கு ரத்தம் குடுக்க என் சீட்டாட்டக் கூட்டாளிங்களையும் நான்தான் இழுத்துட்டு வந்தேன். ஊசி போடுறதுக்கு முன்னாடி கேட்டியே, "மாமா, மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"ன்னு. "உன் சமையலையே முழுங்குறேன், அதுக்கு மேல மாத்திரை வேறயா?"ன்னேன். நர்ஸம்மாவும் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்புல கேள்வி அமுங்கிப்போச்சு. நிஜத்துல முட்டி வலிக்கு தினமும் ஒரு குட்டி மாத்திரை போட்டுட்டிருந்தேன். சொன்னா, மாடியேறி சீட்டாடப் போக விடமாட்டியேன்னு மறைச்சேன்.

இன்னைக்கு மருந்துக்கடையில புதுசா வந்தவர் புடிச்சுக்கிட்டார். "பெரியவரே, இது ஸ்டீராய்டு. டாக்டர் சீட்டு இல்லாம யாரு குடுத்தா? உடம்போட எதிர்ப்புச் சக்தியையே அமுக்கிடும்." "மாமா, உங்க அணுங்க அசையவே மாட்டேங்குது, நொதி தூங்குது!"ன்னு நீ குழந்தை மாதிரி குதிச்சுட்டு வந்தியே, அது கண்ணு முன்னாடி வந்துச்சு. வயசு தூங்க வைக்கலம்மா, நான்தான் தாலாட்டிருக்கேன். வாழ்நாள் பூரா எல்லாரையும் கிண்டல் பண்ணேன். ஒரே ஒரு கேள்விக்காவது ஒழுங்கா பதில் சொல்லித் தொலைச்சிருக்கலாம்.

என் ரத்தத்தை மட்டும் தூக்கிப் போட்டுடு. மத்தவங்க ரத்தம் சுத்தம், உன் கண்டுபிடிப்புக்கு ஒரு குறையும் வராது. தைரியமா பேசு.

நீ பேசும்போது மைக் இரையாமலும், முன்வரிசையில் உன் புருஷன் குறட்டை விடாமலும் இருக்க மனதார ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பி.கு.: கதவுக்கு அடியில தள்ளலாம்னு எழுந்தப்ப உனக்கு ரத்தம் குடுத்த நம்ம சீட்டாட்டக் கூட்டாளி தையல்காரன் போன் பண்ணான். "யோவ், நீ எப்பவோ ஒண்ணு குடுத்தியே, அதுலேருந்து நாங்க தினமும் போடுற முட்டி மாத்திரை தீர்ந்துபோச்சுய்யா. எங்க எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு அட்டை வாங்கிட்டு வா." அம்மாடி, நாளைக்குப் பேசாதே. இப்பவே கதவைத் தட்டுறேன், திட்டுறதா இருந்தாலும் திறந்துட்டுத் திட்டு.