டெஸ்ட் டோஸ் போடும் வாள்வீரன்

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலை உச்சிவரை, மனிதர்களை முகத்தை வைத்து அல்லாமல் இடுப்பை வைத்து அடையாளம் சொன்ன ஒரே ஆள் ஊசிதான். ஒரு கிளினிக்கில் முப்பது வருடமாக ஊசி போடும் கம்பவுண்டர், பட்டப்பெயரும் அதனால்தான். மணலூர்பேட்டைக் கல்யாணம் ஒன்றில் மாப்பிள்ளையை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று அரை மணி நேரம் திணறினார். மாப்பிள்ளை திரும்பி நின்றதும், "அட, போன தையில டைபாய்டு!" என்று பந்திவரை கேட்கும்படி கத்தினார்.

எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இருப்புக் கொள்ளாது. பஸ் ஸ்டாண்டுக்குப் போவேன், கச்சிராயபாளையம் பஸ்ஸில் ஏறுவேன், போன பஸ்ஸிலேயே திரும்பி வருவேன். காலுக்குள் மோட்டார் ஓடும். அணைக்கிற சுவிட்ச் எங்கே என்று தெரியாது. செல்போன் ரிப்பேர் கடை தாஸ்தான் பரிதாபப்பட்டு இந்த விளையாட்டுக்கு இழுத்தான். மதியம் மூன்று மணிக்குக் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்காருவோம். ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரம். அதன் பலம், பலவீனம், ஆயுதம் எல்லாம் தாளில் எழுதியிருக்கும். கவிதை எழுதுகிறவன் என்பதால் கதை சொல்லுகிற வேலை எனக்கு. யார் பிழைப்பார், யார் விழுவார் என்பதை இருபது முகப் பகடை சொல்லும். தாஸ் வில்லாளி. சர்ச் முடிந்து வரும் கணக்கு டீச்சர் ஸ்டெல்லா மந்திரக்காரி. நான்காவதாக வந்து சேர்ந்தவர் ஊசி.

"அண்ணா, ஒங்காளுக்குக் கோடாலியா, கதாயுதமா?" என்று தாஸ் கேட்டான்.

"அதெல்லாம் கடப்பாற வேல. ஒல்லியா, நீளமா, நுனி மட்டும் கூரா எதுனா இருக்குதா?"

"ஒரு வாள் இருக்குது. வெட்டறது கம்மி. குத்தறதுதான்."

ஊசியின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். தன் வீரனுக்கு மெல்லியான் என்று பெயர் வைத்தார். உருவாக்கி முடிக்க ஆறு ஞாயிறு பிடித்தது. நாங்கள் மூன்று காடுகளைக் கடந்து ஒரு ராட்சசனையும் கொன்றுவிட்டோம். மெல்லியான் இன்னும் தாளிலேயே படுத்திருந்தான்.

முதல் தகராறு வாளின் எண்ணிக்கையில். எதிரிக்கு ஒன்றாக நூறு வாள் வேண்டுமாம்.

"ஒருத்தன குத்துனத எடுத்து இன்னொருத்தன குத்துவியா? இன்னா டீச்சர் இது, படிச்சவங்க நீங்க!"

"நூறு வாள யார் தூக்கறது?" என்றார் டீச்சர்.

"கழுத."

டீச்சர் எடையைக் கூட்டிப் பார்த்தார். "கழுத செத்துப்பூடும்ங்க."

"அப்ப ரெண்டு கழுத."

இரண்டாவது தகராறுக்கு முன்னால் அது ஒன்றுமேயில்லை. மெல்லியான் எடுத்ததும் குத்த மாட்டான். எதிரியின் முன்கையில் நுனியால் லேசாக ஒரு தொடுதல். சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம். பிறகு அரை மணி நேரம் காத்திருப்பான்.

"இன்னாத்துக்குண்ணா?" தாஸுக்கு அழுகையே வந்துவிட்டது.

"டெஸ்ட் டோஸ்ரா. வாளு ஒத்துக்காம எதுனா ஆயிடுச்சின்னா?"

"நாம அவன கொல்லத்தான போறோம்!"

"கொல்லு. வேணான்னு சொல்லல. அதுக்காவ அலர்ஜியில சாவணுமா?"

முதல் சண்டையில் ஒரு கோட்டைக் காவலாளி சிக்கினான். தொட்டாயிற்று, வட்டம் போட்டாயிற்று. நான் சும்மா இருக்க மாட்டாமல் பகடையை உருட்டினேன். இருபது விழுந்தது. காவலாளிக்கு உடம்பெல்லாம் தடித்துப்போய்விட்டது என்று அறிவித்தேன். ஊசி ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தார். "பாத்தியா! முழுசா எறக்கியிருந்தா இன்னா ஆயிருக்கும்?" அந்தக் காவலாளிக்கு மருந்து கொடுத்து, கஞ்சி வைத்துக் கொடுத்தான் மெல்லியான். கடைசியில் காவலாளியே கோட்டைக் கதவைத் திறந்துவிட்டான். ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல் நாங்கள் பிடித்த ஒரே கோட்டை அதுதான்.

ஆனால் ஒரு சட்டம் இருந்தது. பாத்திரம் செத்தால் அதை ஆடியவர் கதை முடியும்வரை கடைப் பக்கம் வரக் கூடாது. அதைக் கொண்டுவந்தவரும் ஊசிதான். "செத்தவன் எந்திரிச்சி வந்து டீ குடிச்சிகினு இருந்தா, கதைக்கி இன்னா மரியாத?" கதை முடிய இன்னும் ஒரு வருடம் ஆகும். மெல்லியான் செத்தால் ஒரு வருட ஞாயிறுகள், அவர் இல்லாமல். எனக்குக் கச்சிராயபாளையம் பஸ்ஸின் ஹாரன் காதுக்குள் அடித்தது.

அடுத்த வாரம் மலைத் தளபதி வந்தான். கீழே அருவி, மேலே கயிற்றுப் பாலம், அவன் கையில் இரும்புக் கதாயுதம். மெல்லியான் அவன் முன்கையைத் தொட்டான். வட்டம் போட்டான். காத்திருந்தான்.

"குத்துண்ணா! அவன் ஓங்கறான்!" தாஸ் மேஜையைத் தட்டினான்.

ஊசி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் இருவது நிமிசம் இருக்குது."

தளபதிக்கு அந்தப் பொறுமை இல்லை. பத்துக்கு மேல் விழுந்தால் மெல்லியான் பிழைப்பான். பத்தோ அதற்குக் கீழோ விழுந்தால் அருவிதான். நான் உருட்டினேன். பகடை கண்ணாடி மேஜையிலிருந்து துள்ளிக் கீழே விழுந்து, பழைய செல்போன் உறைகளுக்குள் புகுந்துகொண்டது. டார்ச் அடித்துக்கொண்டு குனிந்தேன். தூசிக்குள் மூன்று தெரிந்தது.

நிமிர்ந்தேன். "பதினாலு."

தாஸ் மெல்லக் குனியப் போனான். ஊசி எட்டி என் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து, உதடு அசைய எண்ணினார்.

"நூத்திப் பதினெட்டு" என்றார். "பதினாலு உயுந்ததுக்கா இப்புடி ஓடுது கவிஞரே?"

சட்டம் போட்டவர் ஸ்டூலைத் தள்ளுவார், செருப்பைத் தேடுவார் என்று காத்திருந்தேன்.

"டேய் தாஸு, குனியாத. கவிஞரு பதினாலுன்னா பதினாலுதான். எய்திக்குங்க டீச்சர், ஆளு பொழச்சிகினான்."

டீச்சர் எழுதினார். ஆட்டம் நகர்ந்தது. ஊசி மட்டும் என் மணிக்கட்டை விடவில்லை. நாடி நூறானது, தொண்ணூறானது, இறங்குவது எனக்கே தெரிந்தது. எண்பதுக்கு வந்தால் விட்டுவிடுவாரே என்று, அது இன்னும் கொஞ்ச நேரம் இறங்காமல் இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.